ஸ்டாண்ட்பை வாரம்

மாதத்தில் ஒரு வாரம் என் முறை.
காலணி நாடாக்களைத் தளர்த்தி
வாய் பிளந்தபடி கதவோரம் வைப்பேன்.
நாற்காலியின் முதுகில் சட்டை.
டார்ச், கருவிப்பை,
லிஃப்ட் கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி.
தலையணைக்குப் பக்கத்தில் கைப்பேசி
மல்லாந்து கிடக்கும், ஒலி முழுதாய்.

மணவாளனுக்குக் காத்திருக்கிற மாதிரிதான்,
எண்ணெய்தான் குறை என்பாள் எப்சிபா.
கிரீஸ் டப்பாவைக் காட்டுவேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து
சபைக் கூடத்தில் பீஹூன் தின்கையில்
சகோதரர் செல்வின் கணக்குப் போட்டார்:
ஒரு போர், இரண்டு நிலநடுக்கம்,
ஏழால் பெருக்கி, எதையோ கழித்து,
ஒரு டோட்டோ சீட்டின் பின்பக்கத்தில்.
(யாருடைய சீட்டென்று நான் கேட்கவில்லை.)
இந்த நவம்பரைத் தாண்டாது என்றார்.
நவம்பர் கடைசி வாரம் என் முறையாயிற்றே என்று
முதலில் அதுதான் தோன்றியது எனக்கு.

செவ்வாய் இரவு, இரண்டு நாற்பது.
புக்கிட் பாத்தோக். ஒன்பதாம் மாடிக்கும்
பத்தாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது.
உள்ளே ஒருவர்.

மழை விட்ட சாலை.
வண்டியே இல்லாத சந்திப்புகளில்
விளக்குகள் முறை தவறாமல்
பச்சையாகிச் சிவப்பாகிக்கொண்டிருந்தன.
அந்த நேரத்தில் வேன் ஓட்டினால்
போன வருஷம் பக்கத்து இருக்கையில் வந்து
உட்கார்ந்துகொள்ளும்.

போன வருஷம்
மகளுக்குக் காய்ச்சல், மூன்று நாள் தூக்கமில்லை.
இன்றைக்கு யார் கூப்பிடப் போகிறார்கள் என்று
ஒலியை அணைத்தேன்.
ஒன்பது முறை கூப்பிட்டிருந்தார்கள்.
நான் போய்க் கதவைத் திறந்தபோது
குவெக் என்றொரு பெரியவர்
தரையில், நனைந்த கால்சட்டையோடு,
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியபடி.
திட்டுவார் என்று நின்றேன்.
சாரி என்றார்.
அவர், என்னிடம்.

அதற்குப் பிறகு
விழித்திருங்கள் என்று போதகர் சொல்லும்போதெல்லாம்
மேகம் தெரிவதில்லை எனக்கு,
எக்காளமும் கேட்பதில்லை.
ஒன்பது தவறிய அழைப்புகள்
திரையில் வரிசையாக.

பத்தாம் மாடிக் கதவில் தட்டினேன்.
சுடா சம்பாய்? என்றது ஒரு குரல், கீழிருந்து.
வந்தாச்சா?
சுடா, மக்சிக், சுடா.

மோட்டார் அறைக்கு ஏறிப் போய்
பிரேக்கைத் தளர்த்திக் கையால் சக்கரம் சுற்றி
விரற்கடை விரற்கடையாய்ப் பெட்டியை இறக்கினேன்.
பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது.
மறுபடி இறங்கி வந்து, சாவியைப் போட்டு,
ஒன்பதாம் மாடியில் கதவை விலக்கினால்

நின்றுகொண்டிருந்தாள்.
தோளில் பை. காலில் காலணி.
முக்காட்டின் ஊசி நேராக.
மருத்துவமனைத் துப்புரவுச் சீருடையில்
ரொக்கையா என்று பெயர்ப்பட்டை.

ஐம்பது நிமிஷமும் நின்றுகொண்டேவா?

இல்லை, முதலில் உட்கார்ந்து அழுதேன்.
அப்புறம் அந்தக் குழாய்க்குள்ளிருந்து
ஆள் வருகிறார் என்று சொன்னார்கள்.
ஆள் வருகிறார் என்று தெரிந்த பிறகு
எப்படி உட்கார்ந்திருப்பது?

பையைத் துழாவி
ஆறிப்போன கறிபஃப் ஒன்றைக் கையில் திணித்துவிட்டு
நடைக்கூடத்தின் கடைசிக் கதவுக்குப் போனாள்.

அவசர மணியை ஒருமுறை அழுத்திச் சோதித்தேன்.
யாரோ ஒரு பையன், தூக்கக் குரலில், உடனே:
ஹலோ, கேட்கிறது, சொல்லுங்கள்.
சும்மாதான் என்றேன்.
நன்றி என்றும் சொன்னேன்; அவனுக்குப் புரிந்திருக்காது.

வேனில் ஏறுகையில் செல்வினின் செய்தி:
சிறு திருத்தம். டிசம்பர்.

கறிபஃப்பைத் தின்று முடித்தேன்.
உருளைக்கிழங்கு மட்டும்தான், முட்டை இல்லை.

வீட்டில் எப்சிபா புரண்டு படுத்தாள்.
நாடாக்களைத் தளர்த்திக்
காலணியைக் கதவோரம் வைத்தேன்.
ஆண்டவரே,
நீர் வரும் இரவில் இந்தப் படுக்கையில்
என்னைக் காணாவிட்டால்
எந்த புளோக்கிலாவது
இரண்டு மாடிகளுக்கு நடுவே தேடும்.

படுத்த பிறகு ஒரு சந்தேகம்.
எழுந்து,
ஒலி முழுதாய்த்தான் இருக்கிறதா என்று
இன்னொரு முறை பார்த்தேன்.